ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்

மேலைநாடுகளில் தோட்ட டிராக்டர் என்ற பெயரில் தனி வகை வண்டி உண்டு. நம் பக்கத்தில் அந்த வேலையைப் பார்த்தவை பவர் டில்லரும், பிறகு வந்த 18 குதிரைத்திறன் குட்டி டிராக்டரும்தான். ஆனேக்கல், ஹொசகோட்டே, தொட்டபள்ளாபுரம் என்று பெங்களூருவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பழைய டில்லர்கள் கொட்டகை மூலையிலோ தார்ப்பாய்க்கு அடியிலோ இன்றும் கிடக்கின்றன. அவற்றில் பல இந்த ஊரிலேயே உருவானவை. ஜப்பானின் மிட்சுபிஷியுடன் கூட்டுச் சேர்ந்து வி.எஸ்.டி. டில்லர்ஸ் டிராக்டர்ஸ் நிறுவனம் 1967-இல் இங்கே தொடங்கப்பட்டது. அதன் தாய்க் குழுமத்தை 1911-இல் நிறுவியவர் வி.எஸ். திருவேங்கடசாமி முதலியார். கேரளத்தின் அத்தாணியில் 1973-இல் தொடங்கிய அரசு நிறுவனமான காம்கோ, குபோட்டா தொழில்நுட்பத்தில் செய்த டில்லர்களும் இங்கே கிடைக்கும். டீசல் பம்ப், நோசில் தொழிலுக்கும் பெங்களூருதான் தலைநகரம். இன்று பாஷ் என்று அழைக்கப்படும் மைக்கோ 1951-இல் தொடங்கப்பட்டு ஆடுகோடியில் காலூன்றியது. அதைச் சுற்றி வளர்ந்த கைத்திறன் ஊரெங்கும் பரவியிருக்கிறது. பீன்யாவில் லேத்தும் போரிங் மெஷினும், ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், பழைய எஞ்சினை வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை உருவி, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டுவிடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். ஓடக்கூடிய வாய்ப்பு கொஞ்சமேனும் உள்ள எஞ்சினை ஓட்டிப் பார்க்காமல் பிரிக்கக் கூடாது என்பதே இந்த அத்தியாயம் முழுவதும் நான் வாதிடப்போகும் விஷயம்.

முதல் காரணம், பிரித்த எஞ்சின் பேசாது. டீசல் எஞ்சின் ஓடுவதற்கு நல்ல கம்ப்ரஷன், சரியான அழுத்தத்தில் பூவாய்த் தூவும் டீசல், சரியான நேரம் ஆகிய மூன்றும் ஒருசேர வேண்டும். காற்றைச் சுமார் 18 முதல் 20 மடங்கு நெருக்கி 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கும் ஏற்பாடு இது. மூன்றில் எது குறைந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: ஸ்டார்ட் ஆகாது, அல்லது புகை தள்ளும். எது குறைந்தது என்பதை ஓடும் எஞ்சினோ, குறைந்தபட்சம் கையால் சுற்றப்படும் எஞ்சினோதான் சொல்லும். மேசைமேல் பரப்பிய பாகங்களில் தேய்மானம் எல்லாவற்றிலுமே தெரியும். முப்பது வருட எஞ்சினில் தேயாத பாகம் ஏது? ஆனால் அவற்றுள் எந்தத் தேய்மானம் கோளாறுக்குக் காரணம், எது இன்னும் பத்து வருடம் தாங்கும் என்று பிரித்துக்காட்ட அந்த மேசையில் சாட்சி எதுவும் மிஞ்சியிருக்காது.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. பிரிப்பதே புதிய கோளாறுகளை உண்டாக்கும். டில்லர்களில் உள்ள படுக்கை வாட்ட ஒற்றை சிலிண்டர் எஞ்சினில், பம்ப்பை மாட்டும் ஃப்ளாஞ்சுக்கு அடியில் மெல்லிய ஷிம்கள் இருக்கும். எரிபொருள் எப்போது பாய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அவற்றின் கனம். ஒரு ஷிம் தொலைந்தாலோ, பழைய ஷிம்முக்குப் பதில் கையால் வெட்டிய பேப்பர் கேஸ்கட் வைத்தாலோ நேரம் மாறிவிடும். அதைவிட ஆபத்து வேறொன்று இருக்கிறது. பம்ப்பைத் திரும்ப மாட்டும்போது அதன் ராக்கிலிருந்து நீளும் சிறு முனை, உள்ளே கவர்னர் கவைக்குள் சரியாக உட்கார வேண்டும். உட்காராமல் பக்கவாட்டில் நின்றால் வெளியே பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் கட்டுப்பாடே இல்லாமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். மெக்கானிக்குகள் இதை ‘ஓவர் ரேஸ்’ என்பார்கள். ஃப்ளைவீல் சிதறி ஆளைக் கொல்லக்கூடிய நிலை அது. நோசிலில் மட்டும் அடைப்பு இருந்த எஞ்சினை ‘எதற்கும் பார்த்துவிடலாம்’ என்று முழுக்கப் பிரித்தவர், இல்லாத ஓர் அபாயத்தை வீட்டுக்குள் தானே கொண்டுவருகிறார்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மறுப்பு, லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் செட்டாகவே கிடைக்கின்றன, விலையும் தாங்கக்கூடியது, அப்படியிருக்க ஏன் தயங்க வேண்டும் என்பது. விலையைப் பற்றிய பகுதி உண்மைதான். மிட்சுபிஷி வழிவந்த 13 குதிரைத்திறன் டில்லர்கள் நீண்ட காலம் தொடர்ந்து உற்பத்தியானதால் பாகத் தட்டுப்பாடு பெரிய கவலையில்லை. ஆனால் பாகம் மாற்றுவது வேறு, காரணத்தை நீக்குவது வேறு. ரிங் ஏன் தேய்ந்தது? கோலார், சிக்கபள்ளாபுரம் பக்கத்துச் செம்மண்ணில் வறட்டு உழவு செய்த வண்டியென்றால், குற்றவாளி ஏர் கிளீனராகவோ அதற்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள வெடித்த ரப்பர் குழாயாகவோ இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அந்த மண்ணிலுள்ள நுண்ணிய குவார்ட்ஸ் துகள் இரும்பைவிடக் கடினமானது. குழாயை விட்டுவிட்டு ரிங்கை மாற்றினால் புது ரிங்கும் அதே பொடியில்தான் அரையும். மண்டியா பக்கம் நெல் வயலில் சேறடித்த வண்டிக்கு வரலாறு வேறு. அதில் எஞ்சின் ஓரளவு நன்றாக இருக்கும்; ரோட்டரி அச்சின் சீல் போய், கியர் எண்ணெயில் தண்ணீரும் சேறும் கலந்து, பேரிங்குகள் துருவேறியிருக்கும். வாங்கும்போதே வண்டி எந்த மண்ணில் எந்தப் பயிருக்கு உழுதது என்று விற்பவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். கிலோமீட்டர் மீட்டரே இல்லாத வண்டிக்கு அதுதான் ஜாதகம்.

பெங்களூருவுக்கே உரிய ஒரு பிழைக்கணிப்பை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேவையில்லாமல் ஹெட்டைத் திறக்க வைப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சின் வெளிக்காற்றை அப்படியே இழுத்து நெருக்குவதால், கம்ப்ரஷன் கேஜில் விழும் எண்ணும் அதே விகிதத்தில் குறையும். சென்னையில் 30 கிலோ காட்டும் எஞ்சின், எந்தக் கோளாறும் இல்லாமலே இங்கே 27-ஐ ஒட்டித்தான் காட்டும். அதைக் கையேட்டு எண்ணோடு ஒப்பிட்டு ‘ரிங் போச்சு’ என்று தீர்ப்பெழுதுவது தவறு. புகையும் அப்படித்தான். பம்ப் தரும் டீசல் அதே அளவு, எரிக்கும் காற்று பத்தில் ஒரு பங்கு குறைவு என்றால், முழுச் சுமையில் லேசான கருமை வரவே செய்யும். அதற்காக நோசிலையோ லைனரையோ குற்றம் சொல்வதற்கில்லை. சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் என்று முடிவு கட்டும் பழைய சோதனையையும் இந்த எஞ்சின்களில் முழுதாக நம்பாதீர்கள். நின்ற வாட்டச் சிலிண்டரில் ஆயில் பிஸ்டனைச் சுற்றிப் பரவும். படுத்த சிலிண்டரில் கீழ்ப்பக்கமே தேங்கி நிற்கும், மேல்பாதி ரிங்குக்கு அதனால் பயனில்லை. கேஜைவிடக் கை இங்கே நம்பகமானது. டிகம்ப்ரஷன் லீவரை விட்டுவிட்டு ஃப்ளைவீலை மெல்லச் சுற்றினால், நெருக்கத்தின் உச்சிக்குச் சற்று முன் அது ஸ்பிரிங் போல எதிர்த்துத் தள்ள வேண்டும். சில நொடிகள் அந்த எதிர்ப்பு நீடித்தால் எஞ்சினைத் திறக்க அவசரமில்லை. ‘புஸ்’ என்று உடனே அடங்கினால், காற்று எங்கே போகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள்: சைலன்சர் வழியா, ஏர் கிளீனர் வழியா, ஆயில் ஊற்றும் வாய் வழியா. முதல் இரண்டும் வால்வ். மூன்றாவதுதான் ரிங். வால்வ் என்றாலும் பதறாமல் முதலில் ஃபீலர் கேஜ் எடுத்து டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள். இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தால் நல்ல வால்வும் ஒழுகும். அந்தப் பழுது ஒரு ஸ்பேனரோடும் ஒரு ஸ்க்ரூடிரைவரோடும் முடிந்துபோகும்.

நெடுநாள் கிடந்த வண்டியில் உண்மையான கோளாறு பெரும்பாலும் எரிபொருள் பாதையில்தான் இருக்கும். டாங்கின் அடியில் தண்ணீர் தேங்கித் துருப்பிடித்திருக்கும்; தண்ணீரும் டீசலும் சந்திக்கும் பரப்பில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புக் கூழாகி ஃபில்டரை அடைத்திருக்கும். டாங்கை இறக்கி, பழைய டீசலை வடித்து, உள்ளே ஒரு நீளச் சங்கிலியைப் போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். ஃபில்டர், ரப்பர் குழாய், காப்பர் வாஷர் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். நோசிலையும் பம்ப்பையும் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: அவற்றின் உட்புறத்தைப் பிரிப்பது ஒன்றுதான் வீட்டில் தொடவே கூடாத வேலை. பம்ப் எலிமெண்ட்டின் உருளைக்கும் உறைக்கும் இடையிலான இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். நம் தலைமுடி அதைப்போல இருபது மடங்குக்கும் மேல் தடிமன். வேஸ்ட் துணியின் ஓர் இழை போதும் அதைக் கெடுக்க. நோசிலை மட்டும் கழற்றி, பாலித்தீனில் சுற்றி, டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் அழுத்தக் கருவியில் வைத்து எத்தனை கிலோவில் திறக்கிறது, சொட்டு விடாமல் தூவுகிறதா என்று பார்த்துத் தருவார்கள். நேரடியாகத் தூவும் டி.ஐ. எஞ்சின்களில் அழுத்தம் 200 கிலோவை ஒட்டியும், முன்னறை உள்ள பழைய வகைகளில் அதைவிடக் குறைவாகவும் இருக்கும். நோசிலை வெளியே வைத்து எஞ்சினைச் சுற்றித் தூவலைக் கண்ணால் பார்க்கும் வழக்கம் உண்டு. அப்படிப் பார்ப்பதென்றால் கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; வலி குறைவாக இருந்தாலும் உள்ளே சதை அழுகும். பட்டுவிட்டால் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

இங்கே இன்னொரு அச்சம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய பம்ப்புகள் கந்தகம் மிகுந்த டீசலில் பழகியவை, ஆகவே புது டீசலில் வழுவழுப்பு போதாமல் தேய்ந்துவிடும், முன்கூட்டியே பம்ப்பைப் பிரித்து மாற்ற வேண்டும் என்பார்கள். கந்தகத்தை நீக்கும்போது வழுவழுப்புத் தரும் சில பொருள்களும் போய்விடுவது உண்மைதான். ஆனால் அதை ஈடுசெய்யும் சேர்மானம் டீசலில் சேர்க்கப்படுகிறது, தேய்மானச் சோதனைக்கான வரம்பு தரநிர்ணயத்திலேயே வகுக்கப்பட்டிருக்கிறது. இதற்காக டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டியதில்லை. பழைய ரப்பர் சீல்கள் புது டீசலில் சுருங்கிக் கசியலாம். கசியும்போது சீலை மாற்றினால் போயிற்று. உண்மையில் கந்தகம் குறைந்ததில் பழைய எஞ்சினுக்கு லாபமும் உண்டு: ஆயிலைக் கெடுத்து லைனரை அரித்த அமிலம் இப்போது மிகக் குறைவாகவே உருவாகிறது.

என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான கேள்வியை இப்போது எடுத்துக்கொள்கிறேன். பத்து வருடம் கிடந்த எஞ்சினைப் பிரிக்காமல் ஸ்டார்ட் செய்வதே அதைக் கெடுக்கும் வழியல்லவா? ஆயில் படலம் வடிந்த பேரிங், துருவேறிய லைனர், இறுகிய ராக். இவற்றோடு ஓட்டினால் நல்ல பாகமும் போய்விடாதா? போகும், தயாரிப்பில்லாமல் ஓட்டினால். அதனால்தான் ஓட்டிப் பார்ப்பதை நான் ஒரு நாள் வேலையாகச் சொல்லவில்லை. முதலில் ஆயில் வடிகாலைத் திறந்து, வருவதை வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். பாலாடை போல வந்தால் தண்ணீர்; மெல்லிதாகி டீசல் வாடை அடித்தால் பம்ப் சீல் கசிவு; தட்டைச் சாய்க்கும்போது தங்கப் பொடிபோல மின்னினால் புஷ் அல்லது பேரிங் உலோகம். மூன்றாவதைக் கண்டால் இந்த அத்தியாயம் உங்கள் எஞ்சினுக்கு இல்லை, பிரித்தே ஆக வேண்டும். உலோகம் இல்லையென்றால் கையேடு சொல்லும் தரத்தில் புது ஆயில் ஊற்றி, நோசில் துளை வழியே சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் விட்டு, ஒரு இரவு விடுங்கள். மறுநாள் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவைத்து, நூறு சுற்றுக்குக் குறையாமல் மெல்லச் சுற்றுங்கள். ஆயில் இண்டிகேட்டர் உள்ள மாடலில் அது எழும்பும்வரை நிறுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் விட்ட ஆயில் மிச்சமில்லாமல் நோசில் துளை வழியே வெளியேறிய பிறகுதான் நோசிலை மாட்ட வேண்டும். நெருக்க முடியாத திரவம் உள்ளே நின்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பம்ப்பைக் கழற்றாமலேயே ஆக்சிலரேட்டர் லீவரை நகர்த்தி ராக் தடையின்றி முன்னும் பின்னும் போய்வருகிறதா, ஸ்டாப் நிலைக்கு முழுதாக வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் ராக்கோடு ஒருபோதும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. அதன் பிறகும், ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, காற்று நுழையும் வாயை முழுக்க மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கட்டும். கட்டுமீறி ஓடும் டீசலை நிச்சயமாக நிறுத்துவது காற்றை அடைப்பதுதான். உள்ளங்கையால் அடைக்க முயலாதீர்கள். துணியும் வேண்டாம், உறிஞ்சி இழுத்துவிடும். ஹேண்டில் அடிப்பவர் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு தப்புவது அந்தப் பிடியில்தான்.

இப்படித் தயாரான எஞ்சினில் ஏர் எடுத்து, அதாவது டாங்கிலிருந்து நோசில்வரை குழாயில் குமிழி வராதபடி ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி டீசலை வடியவிட்டு, ஸ்டார்ட் செய்தால் முதல் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் தகவல் ஒரு வாரப் பிரிப்பில் கிடைக்காது. முதல் வெள்ளைப் புகை எரியாத டீசல். டிசம்பர் காலையில் 15 டிகிரி குளிரில் அது இயல்பு, சூடேறியதும் மறைய வேண்டும். மறையாமல் கண் எரிந்தால் நோசிலோ நேரமோ சரியில்லை. மறையாமல் தண்ணீர் மட்டமும் இறங்கினால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். நீலப் புகை ஆயில். உள்ளே விட்ட ஆயில் எரிந்து தீரும்வரை பொறுத்து, அதன் பிறகும் நீடித்தால் மட்டும் கவலைப்படுங்கள். வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த ரிங்குகள் சூட்டில் விடுபட்டு, சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் புகை பாதியாகக் குறைவது உண்டு. முதல் நாளே பிரித்திருந்தால் அந்த ரிங்குகள் குப்பைக்குப் போயிருக்கும். ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் தளர்த்திப் பாருங்கள்: மெல்லிய மூச்சு வந்தால் சரி, ரயில் எஞ்சின்போலத் துடித்துத் துடித்துப் புகை தள்ளினால் லைனரும் ரிங்கும் மாற்றும் காலம் வந்துவிட்டது. அப்போது தயங்காமல் திறங்கள். என்ன தேடித் திறக்கிறீர்கள் என்று அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். லைனரை எங்கே அளக்க வேண்டும், ஹெட்டைத் தனியே விடலாமா என்று போரிங் கடையில் நீங்களே சொல்லலாம்.

ஃப்ளைவீல் அசையவே மறுக்கும் எஞ்சினுக்கும் இதே பொறுமை பொருந்தும். மண்ணெண்ணெயும் ஆயிலும் சமமாகக் கலந்து நோசில் துளை வழியே நிரப்பி, ஒரு வாரம் ஊறவிட்டு, தினம் ஒருமுறை ஃப்ளைவீலை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆள் ஏறி நிற்கும் நெம்புகோலும் சம்மட்டியும் வேண்டாம். இரண்டு வாரத்தில் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். படுத்த சிலிண்டரில் கீழ்ச்சுவரில் தண்ணீர் தேங்கிக் குழி விழுந்திருக்கும்.

தண்ணீர் வழியில் இந்த ஊர் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு அடையாய் அப்பியிருக்கும். சிட்ரிக் அமிலக் கரைசலால் மெல்லக் கரைத்துவிட்டு இனிமேல் மழைநீரோ சுத்திகரித்த நீரோ ஊற்றுங்கள். பெயிண்ட் வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான், இயந்திரங்களுக்கான பெயிண்ட் அதற்குள் வரவுமில்லை. எனவே பழைய பூச்சில் ஈயம் இருக்கிறதென்றே வைத்துக்கொண்டு, உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பழைய கிளச் தட்டிலும் கேஸ்கட்டிலும் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

முப்பதுக்கு நாற்பது சைட்டில் வீடு கட்டியிருப்பவர் இந்தச் சோதனை ஓட்டத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று முன்பே யோசிக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகல் ஒலி வரம்பு 55 டெசிபல். ஒற்றை சிலிண்டர் டீசல் அதை எளிதில் தாண்டும். மூடிய கராஜில் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் சேரும். பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு, பகலில், திறந்த இடத்தில், பத்துப் பத்து நிமிடமாக ஓட்டுங்கள். முடிந்தால் ஊருக்கு வெளியே தோட்டத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சுமையில்லாமல் மொத்தம் இரண்டு மணி நேரம் ஓடியதும், சூடாக இருக்கும்போதே புது ஆயிலை வடித்து அதே வெள்ளைத் தட்டில் மறுபடி பாருங்கள். கரி கலந்து கறுத்திருப்பது சரியே, மினுமினுப்பு இருக்கக் கூடாது. பார்த்துவிட்டு அதைத் தெருச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். இங்கே சாக்கடை ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயில் சேர்கிறது, ராஜகாலுவே ஏரியில் சேர்கிறது. பெல்லந்தூர் ஏரி நுரைத்துத் தீப்பிடித்ததை இந்த நகரம் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறது. மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, கழிவு ஆயிலை மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள். தட்டு சுத்தமாக இருந்தால் ஹெட் போல்ட்டுகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அடுத்து வி-பெல்ட்டுகளைக் கழற்றி, கிளச் பக்கம் போகலாம்.